லைன் என்ற ஒரே சொல்: லயத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது?

டிக்கோயா டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11க்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன கிழமை வாசிப்புப் பகுதியில் 'த பொட்டம் லைன் இஸ், வீ நீட் மோர் வோட்டர்' என்று ஒரு வாக்கியம் வந்தது. கருத்து என்ன என்று கேட்டேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று எழுந்து, 'பணிய லயத்துக்குத் தண்ணி பத்தல டீச்சர்' என்றாள். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. மேட்டு லயம் எடுத்த மிச்சம்தான் கீழே இருக்கும் பணிய லயத்துக்கு வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அந்தப் பதில் சரியாகவே பட்டிருக்கிறது.

அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது. பட்டியலாக எழுதிப் போட்டால் பரீட்சை வரைக்கும் மனப்பாடம் செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். டெட்லைன், ஹெட்லைன், ஒன்லைன், 'ரீட் பிட்வீன் த லைன்ஸ்', 'ட்ரோ த லைன்' எல்லாவற்றையும் ஒரு பிடிமானத்தோடு சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். லயம் என்ற சொல்லையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமா?

கண்டி மொழிபெயர்ப்பு

டீச்சர், அந்தப் பிள்ளை எடுத்த வழி நல்ல வழி. லயம், லயன் என்று நாங்கள் சொல்வதும் லைன் என்பதும் ஒரே சொல்தான். அவள் அந்தச் சொல்லின் ஒரு கிளையைப் பிடித்தாள், வாக்கியம் இன்னொரு கிளையில் இருந்தது, அவ்வளவுதான்.

வேரிலிருந்து பார்த்தால் எல்லாம் லேசாகிவிடும். லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூலுக்கு 'லினியா' என்று பெயர். லினன் துணி என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆக, லைன் என்பது முதலில் இழுத்துக் கட்டிய ஒரு நூல். மேசன்மார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிக்கிறார்கள் அல்லவா, அதை மனதில் வையுங்கள். இழுத்துப் பிடித்த நூல் நிலத்தில் ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டோடு கல்லை அடுக்கினால் வரிசை. எழுத்தை அடுக்கினால் வரி. அந்தக் கோட்டோடு நடந்தால் பாதை. ஆங்கிலக்காரர் இந்த ஐந்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் நூல், கோடு, வரிசை, வரி, பாதை என்று ஐந்து சொல் வைத்திருக்கிறோம்.

'இந்த இடத்தில் லைன் என்பது எது, நூலா, கோடா, வரிசையா, வரியா, பாதையா?' என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி வாக்கியத்துக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பொட்டம் லைன் வரியைச் சேர்ந்தது. ஒரு வியாபாரத்தின் வரவு செலவுக் கணக்கில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கடைசியில் மிஞ்சின இலாபத்தை அடி வரியில் எழுதுவார்கள். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் அந்த வரிதான் முடிவைச் சொல்லும். அதிலிருந்து 'கடைசியில் விஷயம் இதுதான்' என்ற கருத்து வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க சம்பளத் துண்டு ஒன்று போதும். மேலே பேர் கணக்கு (வேலை செய்த நாள் கணக்கு), நடுவில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழிவுகள், அடியில் கைக்கு வரும் காசு. அம்மா முதலில் பார்ப்பது எந்த வரியை என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கும் மறக்காது.

கொழுந்துமலை

மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்டிக்காரர் சொன்ன நூல் எங்களுக்குப் புதிதல்ல. புதுக் கன்று நடும் முன் மலையில் கயிறு பிடித்து முளைக்குச்சி அடிப்போம். அந்த வேலைக்குப் பெயரே லைனிங். நிரைக்கு நிரை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி. அந்தக் குச்சி இருக்கும் இடத்தில்தான் பிறகு குழி வெட்டுவார்கள்.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தேயிலை நிரை நேராகப் போகாது. மலையின் வளைவோடு, ஒரே உயரத்தில் சுற்றிக்கொண்டு போகும். பூகோளப் பாடத்தில் சமவுயரக் கோடு என்று படிக்கிறார்களே, அதேதான். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் நட்டால் மழைத்தண்ணி அந்த இடைவெளியை வாய்க்காலாக்கிக்கொண்டு மேல்மண்ணை அள்ளிப் போய்விடும். குறுக்கே நட்டால் தண்ணி தட்டுப்பட்டு நின்று ஊறும். ஆகவே லைன் என்றால் நேராக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. கோஸ்ட்லைன் என்று கடற்கரையைச் சொல்வதும் அதனால்தான் பொருந்துகிறது.

இன்னொன்று. கொழுந்து மலையில் எங்கள் ஆட்கள் லைன் என்று சொன்னதே கிடையாது. நிரை என்றுதான் சொல்வார்கள். 'நெரை புடி', 'அவ நெரைய முடிச்சிட்டா' என்பது இன்றைக்கும் வழக்கு. வேலைக்குத் தமிழ்ச் சொல் நிலைத்தது. குடியிருப்புக்குத் துரைமார் சொன்ன சொல் ஒட்டிக்கொண்டது. வீட்டை நாங்கள் கட்டவில்லை, நிரையை நாங்கள்தான் பிடித்தோம். காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ராகலை தம்பி

ஐயா, லயம் என்பது குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியா?

கண்டி மொழிபெயர்ப்பு

தம்பி, ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த உவமை பொருத்தமாகப் பட்டிருக்கும், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் 'லயன் காம்பரா' (லயத்து அறை) என்று 'ன்' போட்டு எழுதும் வழக்கமும் கூடவே இருக்கிறது. ஆங்கில ஆவணங்களில் அந்தக் கட்டடங்களுக்கு லைன்ஸ் என்றே பெயர். மலேசியத் தோட்டங்களிலும் தமிழர்கள் லயம் என்றுதான் சொன்னார்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலத் தோட்ட நிர்வாகம்.

ஆனால் குதிரையை முழுதாக விட்டுவிடவும் முடியாது. ஆங்கிலப் படை முகாமில் கூடாரங்களும் குதிரைகளும் வரிசையாக நிற்கும் இடத்தை லைன்ஸ் என்பார்கள். டெல்லியில் சிவில் லைன்ஸ் என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது, பல இந்திய நகரங்களில் பொலிஸ் லைன்ஸ் உண்டு. அந்தப் படைமுகாம்ச் சொல்தான் தோட்டத்துக்கும் வந்தது. காலையில் ஆள் கூடும் இடத்தைப் பெரட்டு என்கிறோமே, அதுவும் பரேட் என்ற படைச் சொல்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோட்டத்தை எந்த மாதிரி நடத்தினார்கள் என்பது தெரியும்.

லிந்துலை அக்கா

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். லயத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் கருத்து.

நான் டவுன் பாடசாலைக்குப் போய்ப் படித்தவள். அங்கே 'லயத்துப் பிள்ளை' என்பது ஒருவரின் முகவரியைச் சொல்லும் வார்த்தையாக இருக்கவில்லை. தள்ளி உட்கார் என்பதற்கான வார்த்தையாக இருந்தது. இன்று அது குறைந்திருக்கலாம், போய்விடவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), சில இடங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். இதற்குள் ஒரு குடும்பம், பிறகு மகனின் குடும்பமும். கோப்பிக் காலத்தில் தொடங்கிய அமைப்பு இது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கம்பனிகள் மாறின, அரசாங்கம் எடுத்தது, மறுபடி கம்பனிக்குப் போனது. லயம் மட்டும் அப்படியே நின்றது.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது எங்கள் ஆட்கள் எவ்வளவு காலமாகக் கேட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு இந்தியப் பிரதமர் வந்தபோது 10,000 வீடு என்று அறிவித்தார்கள், அதற்கு முந்திய திட்டத்தில் 4,000. புது வீட்டுக்குப் போனவர்கள் அந்த இடத்துக்குப் புரம், நகர் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். லயம் என்ற பெயரை ஒருவரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதைப் பார்த்தாலே தெரியவில்லையா?

கண்டி அண்ணா வரி வகையில் 'ட்ரொப் மீ எ லைன்' என்பதையும் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு வரி எழுதிப் போடு, அதாவது கடிதம் போடு. லயத்தில் பல காம்பராக்களுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கையில் வர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'இதுதான் உங்கள் வீட்டுச் சொல்' என்று தொடங்க என்னால் முடியாது.

நானுஓயா பாதை

அக்கா சொன்னது மனதில் தைக்கிறது. நான் பாதை வகைக்கு எங்கள் வீட்டுச் சொல்லைத் தருகிறேன், இதில் யாருக்கும் வருத்தம் வராது. அப்பா ரயில்வேயில் இருந்தவர்.

கொழும்பிலிருந்து பதுளை வரை போகும் பாதைக்கு ரயில்வேயில் மெயின் லைன் என்றுதான் பெயர். 1867இல் கண்டிக்கு வந்தது, 1874இல் நாவலப்பிட்டிக்கு, 1885இல் நானுஓயாவுக்கு, 1894இல் பண்டாரவளைக்கு, 1924இல்தான் பதுளைக்குப் போய் முடிந்தது. 'எண்ட் ஒஃப் த லைன்' என்றால் என்ன என்று கேட்டால் பதுளை ஸ்டேஷனைச் சொல்லுங்கள். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஒரு வேலையோ வியாபாரமோ இனிமேல் நகராது என்னும்போது ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.

இதைவிட அழகான ஒன்று லைன் கிளியர். மலைநாட்டில் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் 'பாதை காலி, அனுப்பு' என்று ஒத்துக்கொண்டால்தான் இயந்திரத்திலிருந்து டெப்லட் என்ற வட்டத் தகடு வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, சாரதி கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ரயில் நகராது. ஓடும் ரயிலில் வளையத்தை எறிந்து மாற்றிக்கொள்வதைப் பிளட்போர்மில் நின்று பார்த்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்குக் கல்யாணப் பேச்சில்கூட 'அக்காவுக்கு முடிஞ்சது, இனி தங்கச்சிக்கு லைன் கிளியர்' என்கிறோம். அந்த வழக்கு தண்டவாளத்திலிருந்து வந்தது.

பண்டாரவளை மது

நூல் வகையை என்னிடம் விடுங்கள். கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் சேவை நிலையத்தில் போன் எடுக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க 'ஹோல்ட் த லைன்', 'லைன்ல இருங்க', 'லைன் எங்கேஜ்', 'லைன் கட்டாயிருச்சு'. கம்பி இருந்த காலத்துப் பேச்சு இது. இப்போது கையில் இருப்பது கம்பியில்லாத போன், ஆனாலும் யாரும் லைனை விடவில்லை. 'த லைன் வென்ட் டெட்' என்று வந்தால் யாரும் சாகவில்லை, பேச்சு அறுந்துபோனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஹொட்லைன் பற்றியும் ஒன்று. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்த பிறகு 1963இல் வொஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் நடுவில் போட்டார்கள். படங்களில் சிவப்புப் போன் காட்டுவார்கள், உண்மையில் அது எழுத்தாகத் தட்டி அனுப்பும் டெலிபிரின்டர். குரலில் பேசினால் அவசரத்தில் தப்பாக விளங்கிவிடும் என்ற பயம்.

லைன் மெனேஜர் என்றால் போன் பகுதிக்குப் பொறுப்பானவர் என்று புதிதாக வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு நேரே மேலே இருக்கும் அதிகாரி என்று அர்த்தம். இது வரிசை வகை.

ராகலை தம்பி

கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்களே! லைன் அண்ட் லெங்த். பந்து விக்கெட்டுக்கு நேராக வருகிறதா, வெளியே போகிறதா என்பது லைன், எங்கே குத்துகிறது என்பது லெங்த். டீச்சர், பையன்களுக்கு இதைச் சொன்னால் போதும், கோடும் பாதையும் ஒரே நேரத்தில் விளங்கும்.

ஒன்லைன் எந்த வகை? கொரோனா காலத்தில் ஒன்லைன் கிளாசுக்காக சிக்னல் தேடி மலை உச்சிக்குப் போய்ப் பாறையில் உட்கார்ந்து படித்தோம். எங்களுக்கு அந்தச் சொல் என்றாலே அந்தப் பாறைதான்.

அப்புறம் இந்தியப் படங்களில் 'லைன் அடிக்கிறான்' என்று வருகிறதே, அது ஆங்கிலத்தில் இருக்கிறதா? டெட்லைன் ஏன் 'செத்த கோடு'?

கண்டி மொழிபெயர்ப்பு

ஒன்லைன் நூல் வகை, தம்பி. கம்பியில் இணைந்திருப்பது.

லைன் அடிப்பது ஆங்கிலத்தில் இல்லை, அது இந்தியப் பேச்சு வழக்கு. ஆங்கிலத்தில் பிக்கப் லைன் என்று ஒன்று உண்டு, பழகப் பார்க்கிறவர் முதன்முதலில் எடுத்துவிடும் வசனம். நாடக நடிகர் பேச வேண்டிய வசனத்துக்கும் லைன்ஸ் என்றுதான் பெயர். நகைச்சுவையில் கடைசியாக வந்து சிரிப்பை வரவைக்கும் வசனம் பஞ்ச் லைன். இவை மூன்றும் வரி.

டெட்லைன் கொஞ்சம் கொடுமையான கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க்கைதிகளுக்கு ஒரு சிறை இருந்தது. மரத்தூண் மதிலுக்கு உள்ளே, கொஞ்சம் தள்ளி, தாழ்வான ஒரு வேலிக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டுகிற கைதியை, தொட்டாலே போதும், காவலாள் சுட்டுவிடலாம். அந்தக் கோட்டுக்குப் பெயர் டெட்லைன். பிறகு பத்திரிகைத் தொழிலில் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று விண்ணப்ப முடிவுத் திகதிக்குச் சாதாரணமாகச் சொல்கிறோம்.

கோடு வகை தமிழருக்கு மிக எளிது. 'கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான்' என்று நாங்கள் சொல்வதைத்தான் அவர்கள் 'டோ த லைன்' என்கிறார்கள். டோ என்பது கால் விரல். விரல் நுனி கோட்டில் படும்படி எல்லாரும் ஒழுங்காக நிற்பது. பரீட்சையில் பல பிள்ளைகள் கட்டி இழுப்பது என்று பொருள்படும் மற்ற டோவின் எழுத்துகளைப் போட்டுவிடுகிறார்கள், டீச்சர் கவனிக்க வேண்டும். 'ட்ரோ த லைன்' என்றால் இதுவரைக்கும் சரி, இதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நாமே கோடு கிழிப்பது. வறுமைக் கோடு என்பதும் இதே வகைதான்.

'ரீட் பிட்வீன் த லைன்ஸ்' மட்டும் தமிழில் நேராக வராது. வரிகளுக்கு நடுவில் வாசி என்று எழுதினால் பிள்ளைகள் வெற்றுத் தாளைத்தான் பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டதை விளங்கிக்கொள் என்று சொல்லிக்கொடுங்கள்.

கொழுந்துமலை

லிந்துலைப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. உன் கோபம் நியாயமானது. ஆனால் சொல்லை ஒளித்தால் பிள்ளைகளுக்கு வெட்கம் கூடத்தான் செய்யும் என்பது என் அனுபவம். அந்த லயத்தில்தான் தப்பு மேளம் அடித்தார்கள், காமன் கூத்துக்கு ஆள் சேர்த்தார்கள், ஒரு காம்பராவில் சாவு என்றால் பத்துக் காம்பராவிலும் அடுப்பு எரியாது. தொங்கல் (கடைசி) காம்பராவில் இருந்து படித்து டொக்டரானவர்கள் இருக்கிறார்கள். கூட்டமாகக் கட்டிப்போட்டவன் வைத்த பெயர்தான், ஆனால் உள்ளே வாழ்ந்தது நாங்கள்.

லிந்துலை அக்கா

ஐயா, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. என் அம்மா இன்னமும் லயத்தில்தான் இருக்கிறார். பெரியவர்கள் தங்கள் வாயால் லயம் என்று சொல்வது வேறு, ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முப்பது பிள்ளைகளை அதோடு சேர்ப்பது வேறு. அந்த வகுப்பில் டவுன் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிக்கோயா டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் பேச்சைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தொடக்கம் துணி காயப்போடும் கொடி. ஒரு கயிற்றை வகுப்புக்குக் கொண்டுபோய் இரண்டு பிள்ளைகளை இரண்டு முனையிலும் பிடிக்கச் சொல்வேன். அதிலிருந்து கோடு, வரிசை, வரி, பாதை. சம்பளத் துண்டும் ரயில் வளையமும் கட்டாயம் வரும். எங்கள் பாடசாலையில் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், ஆகவே லயம் தானாக வந்துவிடும். அவர்களே எழுப்பினால் கொழுந்துமலை ஐயா சொன்னதையும் கண்டி அண்ணா சொன்ன படைமுகாம்க் கதையையும் மறைக்காமல் சொல்வேன். அவர்கள் எழுப்பாவிட்டால் நானாக எடுக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு வாக்கியம் இந்த ஐந்துக்குள்ளும் எனக்கு அடங்கவில்லை. 'ஹிஸ் ஜொப் இஸ் ஒன் த லைன்.' 'தே லைன்ட் தெயர் பொக்கெட்ஸ்.' இரண்டும் கடந்த காலப் பயிற்சித் தாள்களில் இருந்தன.

கண்டி மொழிபெயர்ப்பு

முதலாவது, அவருடைய வேலை ஆபத்தில் இருக்கிறது, போனாலும் போகலாம் என்ற நிலை. போனோடு சேர்த்து விளங்கிக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள். ஒன்லைனும் இதுவும் எழுத்தில் ஒட்டியும் பிரிந்தும் வருவதால் பிள்ளைகள் குழம்புவார்கள். உயிரையே பணயம் வைப்பதற்கும் இதே சொற்றொடர்தான்.

இரண்டாவதில் லைன் வினைச்சொல். கோட் சட்டைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிக்கு லைனிங் என்று தையல்காரர் சொல்வார் அல்லவா, அது. முன்பு லினன் துணியை வைத்துத் தைத்ததால் வந்த பெயர். சட்டைப்பைக்கு உள்ளே துணிக்குப் பதில் காசை வைத்துத் தைத்துக்கொண்டார்கள், அதாவது குறுக்கு வழியில் காசைச் சுருட்டிக்கொண்டார்கள். இதை ஐந்து வகைக்குள் திணிக்க வேண்டாம், தனியாகவே சொல்லிக்கொடுங்கள்.